பட்டறை கட்ட பழைய தேக்கு வாங்குன கடை, காரைக்குடி பக்கம்: ரிவ்யூ

வீட்டுக்குப் பின்னாடி மர வேலைக்குன்னு தனியா ஒரு பட்டறை, அதுவும் இரும்பு பைப் ஷெட் இல்லாம மரத்தூண் மர விட்டம்னு கட்டலாம்னு நெனைக்கிறவங்களுக்கு இது. கடை பேரு போடல, ஏன்னா கொஞ்சம் குறையும் சொல்லப்போறேன், ஆனா காரைக்குடிய சுத்தி பழைய வீட்டுச் சாமான் விக்கிற கடை எதுக்குப் போனாலும் இதுல பாதி உங்களுக்கு உதவும்.

பழைய மரம் தான் வேணும்னு போனதுக்குக் காரணம் இருக்கு. செட்டிநாட்டு வீடுங்கள்ல கெடக்குறது பர்மா தேக்கு, நகரத்தார் அங்க தொழில் பண்ண காலத்துல கப்பல்ல வந்தது. அந்த நாடு 2014 ஏப்ரல்லயே உருண்டை மரமா ஏத்துமதி பண்றத நிறுத்திருச்சு. இப்ப டிப்போல தேக்குன்னு கிடைக்கிறது நெறய ஆப்பிரிக்கத் தோட்டத்து மரம், இளம் மரம், ஓரத்துல வெள்ளை நெறய, உள்ள ஈரமும் இருக்கும். கதவு செய்ய அது போதும். ஆனா தூண்ல துளை எடுத்து விட்டத்தோட நாக்கை உள்ள இறக்கி மர ஆணி அடிச்சு நிக்க வைக்கிற வேலைல மரம் அப்புறமா சுருங்குனா மொத்த ஜாயிண்ட்டும் ஆட ஆரம்பிச்சிரும். பல தலைமுறை உத்திரமா கெடந்து காஞ்ச மரத்துக்கு அந்தக் கவலை ரொம்பக் கம்மி.

என் பட்டறை 12க்கு 20 அடி. 20 அடி ஏன்னா டேபிள் சா-ல, அதாவது மேசை நடுவுல வட்ட பிளேடு சுத்துற அறுவை மெஷின்ல, 8 அடி பிளைவுட் ஷீட்ட தள்ளணும்னா பிளேடுக்கு முன்னாடி 8 அடி பின்னாடி 8 அடி வேணும், மெஷினும் ஆளும் நிக்க மிச்சம். நடுவுல தூண் வந்தா ஷீட்ட திருப்ப முடியாது, அதனால குறுக்க 12 அடி ஒரே மரமா போற மாதிரி நாலு சட்டம், எட்டுத் தூண். சோ எனக்கு வேண்டியது நீளமான, நேரான, நடுவுல ஓட்டை இல்லாத உத்திரம். இந்தக் கடையோட பெரிய பிளஸ் இங்க தான், நீள மரத்த அறுத்து சின்னதாக்கி விக்காம அப்படியே அடுக்கி வச்சிருக்காங்க, அதுவும் கூரைக்குக் கீழ, அடியில கல்லு குடுத்து. மத்த எடத்துல மழைல நனைஞ்சு தரைல கெடக்குறத பாத்துட்டு வந்த எனக்கு இதுவே பாதி திருப்தி.

அங்க வேலை பாக்குற பெரியவர் ஒருத்தர், எந்த மரத்த கேட்டாலும் வாச்சிய (மரம் செதுக்குற கைக்கருவி) எடுத்து ஓரத்துல ஒரு சீவு சீவிக் காட்டுறார். மேல கரியும் அழுக்கும் ஏறிக் கருப்பா இருக்கும், சீவுன எடத்துல தேன் நிறம் வரும், மோந்து பாத்தா எண்ணெய் கலந்த தோல் வாசனை இன்னும் இருக்கு. அப்புறம் ரெண்டு முனையையும் சுத்தியால தட்டுவார், டங்குனு கேட்டா எடுத்துக்க, பொத்துனு கேட்டா உள்ள கரையான் தின்னுட்டு போயிருக்குன்னு அவரே சொல்லி ஒதுக்குறார். விக்கிற கடைல நிக்கிற ஆளு இப்படிச் சொல்றது பெரிய விஷயங்க. குறிப்பா சுவத்துக்குள்ள பதிஞ்சு இருந்த முனைய பாருங்க, ஓதம் அங்க தான் இறங்கும், நடு மரம் கல்லு மாதிரி இருந்தாலும் அந்த ஒரு அடி போயிருக்கும்.

இப்ப குறை. அளவு. மரம் கன அடி கணக்கு, கனம் அகலம் ரெண்டும் இஞ்சுல, நீளம் அடில பெருக்கி 144ஆல வகுக்கணும், இது எல்லாருக்கும் தெரியும். ஆனா இவங்க டேப்ப வச்சுட்டு அரை இஞ்ச மேல தள்ளி எழுதுறாங்க. அஞ்சரைக்கு அஞ்சரை தூணு, 10 அடி, உண்மையான கணக்கு 2.1 கன அடி. ஆறுக்கு ஆறுன்னு எழுதுனா 2.5. ஒரு தூணுக்கு 0.4, எட்டுத் தூணுக்கு 3 கன அடிக்கு மேல காத்துக்கு காசு குடுக்குறோம். கேட்டா "தம்பி, இது தான் கடை அளவு, எல்லா எடத்துலயும் இப்படித்தான்"ங்குறார் ஓனர். நானும் விடல, உளுத்த முனையையும் பழைய துளை இருக்குற எடத்தையும் நீளத்துல கழிச்சாத்தான் எடுப்பேன்னு நின்னேன், முனைய கழிச்சாங்க, துளைக்கு ஒத்துக்கல. ரேட்டு லோடுக்கு லோடு மாறுது அதனால போடல, கன அடி ரேட்ட மட்டும் வச்சு கடைங்கள ஒப்பிடாதீங்க, அளக்குற விதத்த மொதல்ல கேளுங்க.

ரெண்டாவது குறை இன்னும் கடுப்பு. நான் பொறுக்கி சாக்பீஸ்ல குறி போட்டு வச்ச உத்திரத்துல ஒண்ணுக்குப் பதிலா நுனில வெடிப்பு விட்ட வேற ஒண்ணு லாரில வந்துச்சு. போன் பண்ணா ஏத்துன பசங்க மாத்திட்டாங்கன்னு பதில். மாத்திக் குடுத்தாங்க, ஆனா வண்டி வாடகை என் தலைல. சாக்பீஸ் வேணாம், ஆயில் பெயிண்ட்ல முனைல பேர எழுதிருங்க. பில்லும் கேட்டு வாங்குங்க, தேக்கு ஏத்திட்டு வர்ற வண்டிய வழில யாராவது நிறுத்துனா காட்ட வேணும்.

மரம் வீட்டுக்கு வந்தப்புறம் தான் உண்மையான வேலை. ஆணி. தலை உடைஞ்சு உள்ளயே தங்குன துரு ஆணிய கண்ணு கண்டுபிடிக்காது, காந்தத்த மேல தேய்ச்சுக்கிட்டே போகணும், ஒண்ணு மாட்டுனா பிளேனர், அதான் மரம் சீவுற மெஷின், அதோட பிளேடு காலி. இதுனால மில்லுலயும் பழைய மரம்னா மூஞ்சிய சுளிப்பாங்க, பிளேடு போனா உன் செலவுன்னு முன்னாடியே சொல்லித்தான் அறுப்பாங்க. பழைய துளைங்கள ஆசாரி அதே மரத்துல கட்டை செதுக்கி அடைச்சாரு, தேக்குல எண்ணெய் இருக்குறதால பசை போடுறதுக்கு சித்த முன்னாடி தின்னர்ல தொடைக்கணும் இல்லன்னா பிடிக்காது. தூணுங்கள கான்கிரீட்டுல புதைக்காம பழைய வீட்டு ஸ்டைல்லயே கருங்கல் அடிக்கல் மேல நிக்க வச்சு நடுவுல ஒரு கம்பி, அவ்வளவு தான்.

எதிர்பாக்காம கிடைச்ச லாபம் பனங்கை, அதாவது ஓடு தாங்க கூரைல சரிவா போடுற பனைமரக் கட்டை. மூலைல குவிச்சு வச்சிருந்தாங்க, கூரை பிரிச்ச எடத்துல வந்ததாம், நல்லா முத்துன மரம், கருப்பு நார் தெரியுது, ஆணி அடிச்சா வளையுது. 2021லேந்து பனைய வெட்டணும்னா கலெக்டர் அனுமதின்னு ஆனதால புதுசா கிடைக்கிறது கஷ்டம், அதனால கைமரத்துக்கு மொத்தமா அதையே எடுத்தேன், தேக்க விட எவ்வளவோ மலிவு. நேரா இருக்காது, ஓடு உக்கார மேல சீவி மட்டம் பண்ண வேண்டியிருந்துச்சு, அதுக்கு ஆசாரி போட்ட சத்தம் தனிக்கதை.

பலகையும் ரீப்பரும் (ஓட்டுக்குக் கீழ குறுக்க அடிக்கிற மெல்லிசு கட்டை) மட்டும் இங்க வாங்காதீங்க. பழைய ரீப்பர் முழுக்க ஆணி ஓட்டை, பலகைய சீவி எடுத்தா கனம் பாதியாயிருது, அதுக்கு புது மரமே மேல். தூண், உத்திரம், பனங்கைக்கு 5க்கு 4 குடுப்பேன். அளவுக்கும் டெலிவரிக்கும் 2.

பட்டறைக்கு ரெட்டைக் கதவு ஒண்ணு அங்கயே பாத்து வச்சிருக்கேன், நிலையோட எடுத்தா ஒரு ரேட்டு, கதவு மட்டும்னா அதுக்கும் கிட்டத்தட்ட அதே ரேட்டுன்னு நிக்கிறார் ஓனர். படிஞ்சா அத பத்தி தனியா எழுதுறேன்.