விக்ஸா, வேர்ட்பிரஸா? வெளியேறும் வழியை முதலில் பாருங்கள்

சிறு தொழில் நடத்துபவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் போன்ற சேவைகளில் இணையதளத்தை நாமே அமைத்துக்கொள்ளலாமா, வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஆள் வைத்துச் செய்யலாமா, இல்லை ஃபேஸ்புக் பக்கமே போதுமா? எது அழகு, எது மலிவு, எது கூகுளில் மேலே வரும் என்று எடைபோடுகிறார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது இதைத்தான்: நாளைக்கு இதை விட்டு வெளியேற நேர்ந்தால் கையோடு எதை எடுத்துப் போவீர்கள்?

ஃபேஸ்புக் பக்கத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வாடிக்கையாளர்களோடு உறவாட அது நல்ல இடம். ஆனால் ஒரே வாசலாக அதை நம்புவது ஆபத்து. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் ஒருசேர முடங்கின. அவற்றை மட்டும் வைத்திருந்தவர்களை அன்று யாராலும் எட்ட முடியவில்லை. இலவசமாகக் கிடைப்பதெல்லாம் இப்படித்தான். தேடலிலும் வரைபடத்திலும் தொழிலின் விவரத்தைக் காட்டும் தன் பிசினஸ் ப்ரொஃபைலோடு கூகுள் சேர்த்துக் கொடுத்துவந்த சிறு இணையதளங்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டது.

ப்ரொஃபைல் மட்டும் இன்னும் இருக்கிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும் அது கட்டாயம் வேண்டும். அருகிலிருப்பவர் தேடும்போது யாரை முன்னே காட்டுவது என்பதற்கு கூகுள் சொல்லும் அளவுகோல்கள் மூன்று: தேடலோடு பொருத்தம், தொலைவு, எவ்வளவு அறியப்பட்டவர் என்பது. தொலைவை நம்மால் மாற்ற முடியாது. சரியான தொழில் வகை, உண்மையான வேலை நேரம், வந்த விமர்சனங்களுக்குப் பதில் ஆகியவை நம் கையில் இருக்கின்றன. இதைச் செய்யாமல் இணையதளத்துக்குப் பணம் கொட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம். விக்ஸில் செய்த தளம் கூகுளில் வராது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அந்தச் சேவை ஃப்ளாஷ் என்ற பழைய தொழில்நுட்பத்தில் இயங்கிய தொடக்க காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. ஃப்ளாஷுக்குள் இருந்த எழுத்தைத் தேடுபொறிகளால் சரிவரப் படிக்க முடியவில்லை. இப்போது அந்தக் குறை இல்லை. பக்கத் தலைப்பு, சுருக்க விவரம், தேடுபொறிக்குப் பக்கங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் தளவரைபடம், பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடுவது எல்லாமே அங்கே செய்யலாம். ஹோஸ்டிங் (தளத்தைச் சர்வரில் வைத்திருப்பது), பாதுகாப்பு, இணைப்பைப் பாதுகாக்கும் சான்றிதழ், புதுப்பிப்பு ஆகிய நான்கையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். தனியாளாகத் தொழில் நடத்துபவருக்கு இது சாதாரண உதவி இல்லை.

சிக்கல் வெளியேறும்போதுதான் தெரியும். விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே இன்னொரு ஹோஸ்டிங்குக்குக் கொண்டுபோக முடியாது. ஸ்கொயர்ஸ்பேஸ், பக்கங்களிலும் பதிவுகளிலும் ஒரு பகுதியை வேர்ட்பிரஸ் ஏற்கும் கோப்பாகத் தருகிறது, வடிவமைப்பு வராது. ஐந்து பக்கத் தளம் என்றால் ஒரு வார இறுதியில் திரும்ப எழுதிவிடலாம். இருநூறு பக்கம் சேர்த்தவருக்கு அது பெரும் சுமை.

வேர்ட்பிரஸ் 2003இல் வெளிவந்த திறமூல மென்பொருள். உலகின் இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன. கோப்புகளையும் தரவுத்தளத்தையும் எடுத்துக்கொண்டு எந்த ஹோஸ்டிங்குக்கும் போகலாம். இந்தச் சுதந்திரத்தின் மறுபக்கம் பராமரிப்பு. வேர்ட்பிரஸில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளில் பெரும்பாலானவை, கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் ப்ளகின்களில் இருக்கின்றன. புதுப்பிக்காமல் விட்ட தளத்துக்குள் யாரோ நுழைந்து, ஜப்பானிய மொழியில் போலிப் பொருள் விற்கும் பக்கங்களை ஆயிரக்கணக்கில் நிரப்பிவிடுவார்கள். கூகுளில் தன் தொழிலின் பெயரைத் தேடிய உரிமையாளர் அந்தப் பக்கங்களைக் கண்டு திகைத்து நின்றதை நேரில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் அடிக்கடி நடக்கிறது. வேர்ட்பிரஸ் அமைப்புகளில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு சிறிய கட்டம் உண்டு. தளத்தைக் கட்டும்போது அதில் டிக் போடுவார்கள். திறப்பு நாளில் எடுக்க மறந்துவிடுவார்கள். மாதக்கணக்கில் கூகுளில் எதுவும் வராமல், எஸ்இஓ (தேடலில் மேலே வரச் செய்யும் வேலை) சரியில்லை என்று புலம்பிக்கொண்டிருப்பார்கள். தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் இலவசம்தான். திறப்பு நாளிலேயே தளத்தை அதில் சேர்த்திருந்தால் இந்தப் பிழை சில நாட்களில் தெரிந்திருக்கும்.

வேகத்தில் யார் மேல்? இங்கே பெயரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் அசைவு தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்த அளவு. கனமான தீமும் (வடிவமைப்பு வார்ப்பு) முப்பது ப்ளகின்களும் ஏற்றிய வேர்ட்பிரஸ் தளம் இதில் தோற்கும். கேமராவிலிருந்து எடுத்த படத்தைச் சுருக்காமல் ஏற்றிய விக்ஸ் தளமும் தோற்கும். கைப்பேசியில், சுமாரான இணைப்பில் திறந்து பாருங்கள். கூகுளும் கைப்பேசி வடிவத்தைத்தான் படித்துப் பட்டியலிடுகிறது.

என் தேர்வைக் கேட்டால் தயங்காமல் சொல்வேன். மாதம் ஒரு மணி நேரமாவது தளத்தைக் கவனிக்க ஆள் இல்லை என்றால் விக்ஸ் அல்லது ஸ்கொயர்ஸ்பேஸ். வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் தனித்தனிப் பக்கம் எழுதிச் சேர்க்கும் உழைப்பும், பராமரிக்க ஓர் ஆளும் இருந்தால் வேர்ட்பிரஸ். ஆண்டுக்கு ஒருமுறைகூட மாறாத நான்கு பக்கங்கள்தான் என்றால் வெறும் எச்டிஎம்எல் கோப்புகளே போதும். புதுப்பிக்க ப்ளகினும் இல்லை, வேகத்துக்கும் குறைவில்லை.

யார் செய்து கொடுத்தாலும் முதலிடம் உறுதி என்று சொல்பவரை நம்பாதீர்கள். அந்த உறுதியை யாராலும் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. பலன் தெரியப் பெரும்பாலும் நான்கு மாதத்திலிருந்து ஓர் ஆண்டு ஆகும் என்றும் அது சொல்கிறது. பக்கத்தின் குறியீட்டில் தேடுசொற்களை எழுதி வைக்கும் கீவேர்ட்ஸ் மெட்டா டேக் நிரப்பித் தருகிறேன் என்பவருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009இலேயே கூகுள் அறிவித்துவிட்டது.

தேடலில் நாம் சேர்க்கும் நற்பெயர் மென்பொருளோடு ஒட்டுவதில்லை, முகவரியோடுதான் ஒட்டுகிறது. பிறர் நமக்குக் கொடுத்த இணைப்புகள் அந்த முகவரிக்குத்தான் வருகின்றன. சொந்த டொமைன், அதாவது நம் பெயரில் பதிந்த இணைய முகவரி, இருந்தால் விக்ஸிலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாறினாலும், பழைய பக்கம் ஒவ்வொன்றையும் அதற்கு ஈடான புதிய பக்கத்துக்கு 301 முறையில் (நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று சொல்லும் முறை) திருப்பிவிட்டால் அந்தப் பெயர் கூடவே வரும். அந்தத் திருப்பத்தை ஓர் ஆண்டாவது எடுக்கக் கூடாது. சேவையின் பெயரைத் தாங்கிய இலவச முகவரியில் வளர்ந்தவருக்கு இந்த வழி மூடியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு டொமைன் இருந்தது. தளத்தை அமைத்தவர் அதைத் தன் பெயரில் பதிந்திருந்தார். ஆண்டுகள் கழித்து இருவருக்கும் மனத்தாங்கல் வந்தது. புதுப்பிப்பு நினைவூட்டல்கள் அமைத்தவரின் மின்னஞ்சலுக்கே போய்க்கொண்டிருந்தன; உரிமையாளர் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. டொமைன் காலாவதியாகி வேறு கைக்குப் போனது. தளத்தின் கோப்புகள் முழுவதும் உரிமையாளரிடம் பத்திரமாக இருந்தன. புதிய முகவரியில் அவற்றை ஏற்றினோம். பழைய முகவரி அச்சிட்ட விசிட்டிங் கார்டுகள் மட்டும் இன்னும் அவருடைய வாடிக்கையாளர்களின் பைகளில் இருக்கின்றன.