கழுவுவதா, துடைப்பதா, வாரிக் கொட்டுவதா?

சிங்க் நிறையப் பாத்திரம் கிடக்க, கணினியில், நிஜத்தில் இல்லாத ஊர் ஒன்றில் வேன் கழுவிக்கொண்டிருந்தேன். வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. எனக்கே புரிய, சுத்தம் செய்வதையே ஆட்டமாக்கிய மூன்று கணினி விளையாட்டுகள் தேவைப்பட்டன.

அந்த வேன் இருப்பது பவர்வாஷ் சிமுலேட்டரில். பிரிட்டனின் பிரைட்டன் நகரத்து ஃபியூச்சர்லேப் நிறுவனம் உருவாக்கி, 2022 ஜூலையில் முழுமையாக வெளியிட்ட விளையாட்டு. கையில் உயரழுத்த நீர்த்துப்பாக்கி, எதிரில் சேறு அப்பிய பொருள், அவ்வளவுதான். பின்னணி இசைகூடக் கிடையாது. தண்ணீர் பீறிடும் ஓசை மட்டும். அகன்ற முனையை மாட்டிப் பாய்ச்சினால் கறுப்புச் சேற்றின் நடுவே ஒரு பட்டை பளிச்சென்று தெரியும். அதை ஒட்டி அடுத்த பட்டை. கதவின் கைப்பிடியில் கடைசித் துளி அழுக்கும் போனதும் அது ஒரு கணம் மின்னி, 'டிங்' என்று மணி அடிக்கும். அந்த மணிக்காகவே நள்ளிரவு தாண்டி உட்கார்ந்திருக்கிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் ஆட்டக்காரர்கள் 8,695 பேரின் மனநிலையை விளையாட்டுக்குள்ளேயே கேட்டுப் பதிவு செய்தார்கள். சுமார் 72 சதவீதம் பேருக்கு ஆடும்போது மனநிலை மேம்பட்டிருக்கக்கூடும் என்பது அவர்கள் கணிப்பு. மாற்றம் சிறியதுதான், அதுவும் பெரும்பாலும் முதல் 15 நிமிடங்களிலேயே வந்துவிடுகிறது. மீதி இரண்டு மணி நேரம் நான் ஏன் ஆடினேன் என்பதற்கு என்னிடம் வேறு விளக்கம் உண்டு: இங்கே கழுவிய இடம் மறுபடி அழுக்காவதே இல்லை. தண்ணீரும் தீர்வதில்லை. எந்த வீட்டில் நடக்கும் இது?

இதற்கு நேர் எதிர், 2015இல் வெளிவந்த விஸ்ஸெரா கிளீனப் டீட்டெயில். வேற்றுக்கிரக உயிர்களோடு யாரோ சண்டை போட்டு முடித்துவிட்டார்கள். விண்வெளி நிலையத்துத் துப்புரவுப் பணியாளரான நீங்கள் இரத்தத்தைத் துடைக்க வேண்டும், சிதறிய சதையை வாரி எரியுலையில் போட வேண்டும். துடைப்பானை வாளியில் முக்கி அலசாமல் தேய்த்தால் துடைத்த தரையிலேயே சிவப்புக் கறை படியும். இரத்தத்தில் மிதித்த காலோடு நடந்தால் சுத்தமான தாழ்வாரம் முழுக்க உங்கள் தடம். ஒரு முறை திரும்புகிற வேகத்தில் வாளியைத் தட்டிக் கவிழ்த்தேன். அரை மணி நேர வேலை அழுக்குத் தண்ணீரில் போயிற்று. உண்மையான வீட்டு வேலைக்கு மிக நெருக்கமானது இதுதான். அதனாலேயே தனியாக ஆடினால் ஓய்வு கிடைப்பதில்லை. நண்பரோடு சேர்ந்து ஆடினால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.

போலந்திலிருந்து 2018இல் வந்த ஹவுஸ் ஃபிளிப்பரைத் துப்புரவு விளையாட்டு என்று சொல்வதே பாதி உண்மை. குப்பை பொறுக்குவதும் கறை துடைப்பதும் தொடக்கம் மட்டுமே. பிறகு சுவர் எழுப்பி, வண்ணமடித்து, சோபா வாங்கிப் போட்டு, வீட்டை விற்க வேண்டும். கணக்குப் பார்க்கத் தொடங்கியதும் எனக்கு மனம் அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. கரப்பான்பூச்சி பிடிக்காதவர்களுக்காக அவற்றைக் கண்ணாடித் துண்டுகளாக மாற்றும் வசதி வைத்திருப்பது மட்டும் பெரிய மனசு.

களைத்துப்போய் வீடு திரும்பும் இரவுகளுக்கு என் தேர்வு பவர்வாஷ்தான், அதுவும் சின்ன வாகனங்கள். முழு வீட்டை எடுத்துக்கொண்டால் கூரை விளிம்பான இறவாணத்தின் அடிப்பக்கத்தை முதலிலேயே கழுவிவிடுங்கள். நான் அதைக் கடைசிக்கு விட்டு, எங்கோ ஒட்டியிருந்த ஒரு விரற்கடை அழுக்கைத் தேடி ஏணியை இருபது முறை நகர்த்தியிருக்கிறேன்.