வெளிப் பற்றரியும் வெளிச் செயலியும்: மூன்றரை வருடம் ஒரே ட்ரோனோடு

"வேற கொம்பனிச் செயலி போட்டா வாரண்டி போயிரும்" என்றார் ட்ரோன் விற்றவர். "வேற கொம்பனிப் பற்றரி போட்டாலும் ஒண்டும் ஆகாது" என்றார் பற்றரி விற்றவர். இரண்டு பேரும் சொன்னது பிழை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ட்ரோனின் மெயின் போர்ட் (உள்ளே இருக்கும் முதன்மை மின்சுற்றுப் பலகை) ஒன்றின் விலை போனது. உங்களுக்குப் போகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ட்ரோனை 2021 டிசம்பரில் கொழும்பில் வாங்கினேன். 249 கிராம் எடையுள்ள சின்ன ரகம், ஒரு வருட வாரண்டி. மட்டக்களப்பில் ட்ரோன் வைத்திருக்கும் மற்றவர்களைப் போலக் கலியாண வீடு, கோயில் திருவிழா என்றுதான் நானும் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் அந்தப் பெரும்போகம் (மாரிகால நெல் வேளாண்மை) வேறு மாதிரி. இரசாயன உர இறக்குமதியை 2021இல் தடை செய்து, நவம்பரில் தடையை எடுத்திருந்தார்கள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பெரியப்பாவின் வட்டைக்கு (வயல்வெளிக்கு) உரம் நேரத்துக்கு வந்து சேரவில்லை. பயிர் திட்டுத்திட்டாக மஞ்சளடித்துக் கிடந்தது. எந்த வரவையில் (வயல் துண்டில்) எவ்வளவு என்று வரம்பில் நின்று பார்த்தால் பிடிபடாது. "மேலால எடுத்துக் காட்டு மகன்" என்றார் பெரியப்பா.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை அதே உயரம், அதே பாதை, அதே கோணத்தில் எடுத்தால்தான் படங்களை ஒப்பிடலாம். என் மொடலுக்குக் கொம்பனி கொடுத்த செயலியில் பாதை போட்டுப் பறக்கும் வசதி இல்லை. அதனால் காசு கொடுத்து ஒரு வெளிச் செயலி வாங்கினேன்.

இவை களவுச் செயலிகள் அல்ல. டிஜேஐ போன்ற ட்ரோன் நிறுவனங்களே எஸ்டிகே என்ற மென்பொருள் தொகுப்பை வெளியாருக்குக் கொடுக்கின்றன. லிட்சி, ட்ரோன்லிங்க் போன்ற வெளிச் செயலிகள் எல்லாம் அதன் மேல்தான் ஓடுகின்றன. ஆனால் என்னுடையதைப் போன்ற சின்ன ட்ரோன்களில் நாம் போடும் பாதை ட்ரோனுக்குள் ஏறுவதில்லை. நம் விரல் ரிமோட்டில் செய்யும் வேலையைப் போன் செய்கிறது, விடாமல் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஒருநாள் பாதை நடுவில் எனக்கு அழைப்பு வந்து செயலி பின்னுக்குப் போனது. ட்ரோன் வயலுக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து வீட்டிலேயே வரைபடத்தை இறக்கிக்கொண்டு, வயலில் போனை ஃபிளைட் மோடில் போட்டுவிடுவேன். வீடு திரும்பும் உயரத்தை, அதாவது ட்ரோன் புறப்பட்ட இடத்துக்குத் தானாகத் திரும்பும்போது பறக்கும் உயரத்தை, கொம்பனிச் செயலி, வெளிச் செயலி இரண்டிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சுற்றிலும் தென்னை நிற்கிற ஊரில் இது சின்ன விஷயமில்லை.

2022 மார்ச்சில் கமரா ஆடத் தொடங்கியது. கமராவை ஆடாமல் பிடித்திருக்கும் கிம்பல் பழுது. வாரண்டிக்குக் கொம்பனிக்கு அனுப்பினேன். முதல் கேள்வியே "எந்தச் செயலியில் பறந்தது?" என்பதுதான். மறைக்கவில்லை. வெளிச் செயலியின் பறப்புப் பதிவுகளை எல்லாம் எடுத்து அனுப்பினேன். ட்ரோனுக்குள்ளும் ஒரு பதிவு இருக்கிறது, அதை அவர்களே பார்த்தார்கள். எங்கேயும் மோதல் இல்லை, விழுந்த தடம் இல்லை. கிம்பலை இலவசமாக மாற்றித் தந்தார்கள்.

அன்றைக்குத்தான் வாரண்டி வாசகத்தை முழுதாக வாசித்தேன். வெளிப் பொருள் பாவித்தால் வாரண்டி ரத்து என்று அதில் எங்கேயும் இல்லை. வெளி உதிரிப்பாகம், பற்றரி, சார்ஜர் ஒத்துப்போகாததால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்றுதான் இருந்தது. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டமொன்று, எங்கள் உதிரிப்பாகத்தையே வாங்கினால்தான் வாரண்டி என்று நிபந்தனை போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. அந்தச் சட்டம் இங்கே செல்லாது. நான் பிடித்துக்கொண்டது அந்த வாசகத்தைத்தான்.

பிறகு வந்தது பற்றரிக் கதை.

2022 நடுப்பகுதியில் டொலரும் இல்லை, பெற்றோலும் இல்லை. ஒரிஜினல் பற்றரி எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அரைவாசி விலைக்கு ஒரு வெளிப் பற்றரி கிடைத்தது. சமையலறைத் தராசில் வைத்தேன்: ஒரிஜினலை விட 9 கிராம் கூட. பல நாடுகளில் சட்ட எல்லையே 250 கிராம். இதைப் போட்டால் ட்ரோன் 258. அப்போதே யோசித்திருக்க வேண்டும். முதல் பத்துப் பறப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மென்பொருள் புதுப்பிப்பு வந்தது. பற்றரியை அடையாளம் காண முடியவில்லை என்று ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை காட்டியது. தட்டிவிட்டுப் பறந்தேன்.

ஜூலை மாதம், மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று. தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சூட்டுக் காற்றில் பத்து மணிக்கே முகம் எரியும். வட்டையின் கிழக்கு ஓரத்திலிருந்து ட்ரோன் எதிர்க்காற்றில் திரும்பிக்கொண்டிருந்தது. பற்றரி 38 வீதம் காட்டியது. அடுத்த நிமிடம் 12. பற்றரிக்குள் இருக்கும் செல் ஒன்றின் வோல்ட் 3.2க்கு இறங்கி, ட்ரோன் தானாகவே தரையிறங்கத் தொடங்கிவிட்டது. எதிர்க்காற்றில் மோட்டார்கள் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். உள்தடை (செல்லுக்குள்ளேயே இருக்கும் மின்தடை) கூடிய செல்லில் வோல்ட் விழும். வீதக் கணக்கு அதைப் பிந்தித்தான் காட்டும். நல்ல பற்றரியிலும் காற்று நாளில் கொஞ்சம் விழும், ஆனால் இப்படி விழாது. ரிமோட்டால் வரம்புப் பக்கம் திருப்பப் பார்த்தேன், எட்டவில்லை. பெரியப்பா கையைக் காட்டி "கிறுக்கு, கிறுக்கு" (எங்கள் பேச்சில் "திருப்பு") என்று கத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் கட்டியிருந்த வரவைக்குள் போய் இறங்கியது.

மெயின் போர்ட் போய்விட்டது. வாரண்டி மறுக்கப்பட்டது. பற்றரியின் அடையாள இலக்கம் பறப்புப் பதிவிலேயே இருக்கிறது. ஒரிஜினலை மாற்றிப் போட்டு அனுப்பினாலும் பிடிபடும், தயவுசெய்து அந்த வேலை செய்யாதீர்கள். இந்த மறுப்பை நான் நியாயம் என்றே ஏற்றுக்கொண்டேன். ஆனால் கடிதத்தின் கடைசியில் "இனி இந்தப் பொருளுக்கு எந்த வாரண்டியும் இல்லை" என்று ஒரு வரி இருந்தது. அதை ஏற்கவில்லை. காத்தான்குடியில் ஒரு திருத்துநரிடம் காசு கொடுத்துப் போர்ட்டை மாற்றினேன். "தம்பி, ரிமோட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அதை விட்டுடாதீங்க" என்று அவர்தான் சொன்னார். நவம்பரில் ரிமோட்டின் சார்ஜ் துளை பழுதானபோது, அவர்களுடைய வாசகத்தையே எடுத்தெழுதி, இந்தப் பழுதுக்குப் பற்றரி எப்படிக் காரணம் என்று எழுத்தில் கேட்டேன். இரண்டு வாரம் பதில் இல்லை. பிறகு ரிமோட்டை இலவசமாகத் திருத்தி அனுப்பினார்கள். கேட்டுப் பாருங்கள், எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்டால் "இல்லை" என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுவார்கள்.

ஆகவே கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெளிச் செயலியை வாரண்டிக் காலத்திலும் பாவிக்கலாம், ஆனால் ஒவ்வொரு பறப்பின் பதிவையும் அன்றைக்கே கணினியில் ஏற்றி வையுங்கள். ஏதும் நடந்தால் "நான் மோதவில்லை" என்று காட்ட அதை விட்டால் வேறு சாட்சி இல்லை. வெளிப் பற்றரியை வாரண்டி இருக்கும்வரை தொடவே வேண்டாம். ஒரிஜினல் பற்றரிக்கும் தனிக் கணக்கு உண்டு: என் வாரண்டி அட்டையில் அதற்கு ஆறு மாதம்தான், அதுவும் 200 சார்ஜ் சுற்றுக்குள். வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் வாங்கிவரச் சொல்லிவிடலாம், இந்த அளவுப் பற்றரிகள் விமானப் பயணத்துக்கான 100 வாட் மணி எல்லைக்குள்தான் வரும். ஆனால் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், பெட்டிக்குள் வைக்கக்கூடாது.

வாரண்டி முடிந்து இரண்டரை வருடமாகிறது. விழுந்த வெளிப் பற்றரி வீங்கிப்போய், கொல்லையில் மணல் நிரப்பிய தகரத்துக்குள் கிடக்கிறது. இப்போது ஒரிஜினல் மூன்று வைத்திருக்கிறேன், கச்சான் அடிக்கும் நாளில் 50 வீதத்திலேயே திருப்பிவிடுவேன். செயலி அதே வெளிச் செயலிதான். இந்தச் சிறுபோகத்துக்கும் பெரியப்பாவின் வட்டைக்கு மேலே அதே பாதையில்தான் பறக்கிறது.