கரண்ட் போனாலும் வீட்டு போன் அடிக்கணும்: ஊரில் ஃபைபர் லைன் போட்டபோது கவனித்தவை

கும்பகோணம் வீட்டில் பழைய செம்புக் கம்பி லைனை எடுத்துவிட்டு ஃபைபருக்கு மாற்றியாயிற்று. எண் பழையதேதான். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் இதே வேலையைச் செய்ய லீவில் வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வேகம் எவ்வளவு என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். போன் பேச்சுக்கு 100 கேபிபிஎஸ் போதும். முதல் கவலை கரண்ட். பழைய லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ஃபைபரில் வருவது வெறும் வெளிச்சம். அதைப் பேச்சாக மாற்றும் மோடம் வீட்டுக் கரண்டில் ஓடுகிறது, அது அணைந்தால் போனும் செத்துவிடும்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பல வீடுகளில் அந்த லைன் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான் போகிறது. மோடம் மாட்டுகிற டிவி பிளக்குக்குப் போவதில்லை. அந்த பிளக்குக்கு லைன் இருந்தாலும், பேட்டரிக்கு மாறுகிற அந்த நொடியில் மோடம் அணைந்து எழ இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். இன்வெர்ட்டரின் பின்னால் சுவிட்ச் இருந்தால் யூபிஎஸ் பக்கம் தள்ளிவையுங்கள், மாற்றம் வேகமாக நடக்கும்.

இல்லையென்றால் மினி யூபிஎஸ், அதாவது மோடத்துக்கு மட்டும் கரண்ட் கொடுக்கும் சின்ன பேட்டரிப் பெட்டி. வாங்குவதற்கு முன் மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள்: பெரும்பாலும் 12 வோல்ட், 1 முதல் 2 ஆம்பியர். பின் அளவும் பொருந்த வேண்டும், 5.5க்கு 2.1, 5.5க்கு 2.5 மி.மீ. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், மாற்றி வாங்கினால் ஆட்டம் காணும் அல்லது நுழையாது. 8,800 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது பேட்டரியின் 3.7 வோல்ட் கணக்கு, அதாவது சுமார் 32 வாட்-அவர். கொஞ்சம் வீணாவது போக, 10 வாட் மோடத்துக்கு இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். மாதாந்திர பராமரிப்பு மின்தடைக்கு இது போதாது, அன்றைக்கு இன்வெர்ட்டர்தான்.

கார்ட்லெஸ் வேண்டாம். அதன் அடிப்பெட்டிக்கும் தனியாகக் கரண்ட் வேண்டும். ஒயர் வைத்த சாதாரண போன் மோடத்திலிருந்தே சக்தி எடுத்துக்கொள்ளும். போனில் டி (டோன்), பி (பல்ஸ்) என்று சுவிட்ச் இருந்தால் டி பக்கம் இருக்கட்டும். பி-யில் இருந்தால் மணி அடிக்கும், எண் போகாமல் போகலாம்.

போன் ஒயரை மோடத்தில் டெல் (TEL) அல்லது பாட்ஸ் (POTS) என்று எழுதிய சின்ன ஓட்டையில் செருகணும். பழைய சுவர் ஒயரிங்கை அதே ஓட்டையோடு சேர்த்து மாடிக்கும் மணி கொண்டுபோவதாக இருந்தால், தெருவிலிருந்து வரும் செம்புக் கம்பியை வாசல் பெட்டியிலேயே முதலில் கழற்றிவிடுங்கள். அதில் 48 வோல்ட் மிச்சம் இருந்தால் மோடத்தின் போன் பக்கம் கருகிவிடலாம். இதை லைன்மேன் சொல்லமாட்டார், நாம்தான் கேட்கணும்.

அவர் கிளம்புவதற்குள் மீட்டர் வைத்து வெளிச்ச அளவைக் காட்டச் சொல்லுங்கள். அது டிபிஎம் கணக்கில் வரும், மைனஸ் எண் பெரிதாக ஆக வெளிச்சம் குறைவு. மைனஸ் 20 டிபிஎம் பக்கம் என்றால் நிம்மதி. மைனஸ் 27ஐ ஒட்டி நின்றால் இன்றைக்கு ஓடும், மழைக்காலத்தில் மோடத்தில் வெளிச்சம் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பாகும். ஃபைபர் ஒயர் ஜன்னல் கதவில் நசுங்கிய இடம், ஆணியில் இறுக்கிச் சுற்றிய வளையம், தூசி பட்ட பச்சை முனை இவைதான் வழக்கமான காரணங்கள். ஒயரை மூன்று செ.மீ. ஆரத்துக்குள் வளைக்க விடாதீர்கள்.

விண்ணப்பத்தில் வீட்டில் இருப்பவரின் மொபைல் எண்ணைக் கொடுங்கள், வெளிநாட்டு எண் வேண்டாம். ஓடிபியும் புகார் விவரமும் அதற்குத்தான் வரும்.

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அடித்தால் முன்னால் 0 வேண்டும். போனின் மெமரி பட்டன்களில் பதிந்த பிள்ளைகள், டாக்டர், மருந்துக்கடை மொபைல் எண்களை எல்லாம் 0 சேர்த்துத் திரும்பப் பதியுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் காகிதத்திலும் 0 போட்டுப் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.