ஷட் டவுன் செய்த பிறகும் மவுஸ் ஏன் மினுங்குகிறது?

இரவில் மேசைக் கணினியை அணைத்துவிட்டு அறை விளக்கையும் அணைத்தால், மவுசின் அடியிலிருந்து சிவப்பு வெளிச்சம் கசிந்துகொண்டிருக்கும். ஷட் டவுன் ஆன பிறகும் பவர் சப்ளை 5 வோல்ட் மின்சாரத்தை மதர்போர்டுக்கு, அதாவது கணினியின் முதன்மைப் பலகைக்கு, தந்துகொண்டேதான் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் கணினி விழித்துக்கொள்ள அது வேண்டும்.

ஸ்லீப் (வேலையைத் திறந்தபடியே தூங்க வைப்பது), ஹைபர்நேட் (வேலையை எழுதி வைத்துவிட்டு அணைவது), ஷட் டவுன், சுவர் சுவிட்ச் ஆகிய நான்கில் எது தேவலை என்று பார்க்க, வாட் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றைச் செருகி அளந்தேன். 1 வாட் இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாத பில்லில் சுமார் 1.44 யூனிட் ஏறும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

என் கணினி, திரை மட்டும் அணைந்து சும்மா கிடந்தபோது 45 வாட் இழுத்தது. ஸ்லீப்பில் 3 வாட். ஹைபர்நேட், ஷட் டவுன் இரண்டிலும் 1 வாட்டுக்குச் சற்று மேல். ஆக, ஸ்லீப்பா ஷட் டவுனா என்று அடித்துக்கொள்வதெல்லாம் பில்லுக்கு 3 யூனிட்கூடத் தேறாத சண்டை. திரை இருண்டதும் கணினியும் தூங்கிவிட்டது என்று நம்பி இரவு முழுவதும் விட்டுவிடுகிறோமே, அதுதான் செலவு: பத்து மணி நேரம் வீதம் 60 இரவுக்கு 27 யூனிட்.

ஸ்லீப்பின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. திறந்து வைத்த வேலை முழுவதும் ராம் எனும் தற்காலிக நினைவகத்தில் நிற்கும். ராமுக்கு மின்சாரம் வேண்டும். யு.பி.எஸ். இல்லாத மேசைக் கணினியில் ஒரு நிமிட மின்தடை போதும், சேமிக்காத கடிதம் போயே போய்விடலாம். மடிக்கணினிக்கு பேட்டரி இருப்பதால் இந்தக் கவலை இல்லை. ஹைபர்நேட் அந்த வேலையைக் கணினியின் சேமிப்பு வட்டில் எழுதிவிட்டுத்தான் அணைகிறது. அதன் பிறகு சுவர் சுவிட்சைத் தட்டினாலும், காலையில் விட்ட வரியிலேயே தொடரலாம். என் ஓட்டு இந்தக் கூட்டணிக்குத்தான். விண்டோஸ் ஏனோ ஹைபர்நேட்டை மெனுவில் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் பவர் அமைப்புகளுக்குப் போய் டிக் செய்ய வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போகும்போது ஸ்லீப்பே போதும்.

சுவர் சுவிட்சிலும் சின்னச் சிக்கல்கள் உண்டு. மின்சாரம் அறவே இல்லாதபோது கணினியின் கடிகாரம் மதர்போர்டிலுள்ள நாணய பேட்டரியில் ஓடுவதால், அது சற்று முன்னதாகத் தீரும். இங்க்ஜெட் பிரிண்டரை அதன் பொத்தானில் அணைக்காமல் சுவரில் அணைத்தால், மை முனை மூடப்படாமல் காய்ந்துபோகலாம். மிச்சப்படுத்திய மின்சாரத்தைவிட மைக்குத்தான் அதிகம் அழ வேண்டியிருக்கும்.

போன் சார்ஜரைச் சும்மா செருகி வைப்பது பெரிய பாவம் என்பார்கள். மீட்டர் பூஜ்யம் காட்டியது. செட்டாப் பாக்ஸ்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. ஓடும்போது 11 வாட்; ரிமோட்டில் அணைத்த பிறகு 9. படம்தான் மறைகிறது, பெட்டி தூங்குவதில்லை. நாளுக்கு 18 மணி நேரம் இப்படிக் கிடந்தால் ஒரு பில்லுக்கு ஏறத்தாழ 10 யூனிட்.

பத்து யூனிட் என்ன பெரிய தொகை என்று கேட்கலாம். தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரைக்கான மலிவு விலை போய், அந்த நூறு யூனிட்டும் அடுத்த படியின் விலைக்கு ஏறிவிடும். போன முறை எங்கள் வீட்டுக் கணக்கு 507.