வாக்கியமா, திருக்கணிதமா?

நெல்லைச் சீமையில் வீட்டு விசேஷத்துக்கு நாள் குறிப்பவர்கள், வாக்கியம், திருக்கணிதம் என்ற இரு பஞ்சாங்கங்களும் வெவ்வேறு நேரம் காட்டும்போது தயங்குகிறார்கள்.

அடிப்படை: வாக்கியம், கோள்களின் இருப்பை மனப்பாடத்துக்கு உகந்த பழந்தொடர்களில் காத்து வந்தது, வானத்தையே நாவில் சுமந்த அந்த உழைப்பு பெருமதிப்புக்குரியது. திருக்கணிதமோ, 19ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி போன்றோர் வலியுறுத்தியபடி, கண்ட வானத்துக்கு ஏற்பக் கணக்கைத் திருத்திக்கொள்கிறது.

துல்லியம்: கும்பத்துக்குச் சனிப்பெயர்ச்சி, திருக்கணிதத்தில் 2023 ஜனவரி 17, வாக்கியத்தில் டிசம்பர் 20. வானத்தோடு நெருங்கிப் பொருந்துவது முன்னதே.

வழக்கம்: தமிழகக் கோயில்கள் பலவும் வாக்கியத்தையே பின்பற்றுகின்றன.

ஆகவே கோயிலை ஒட்டிய சடங்குகளுக்கு வாக்கியம் பொருந்தும். கிரகண நேரத்துக்கும் கோள்நிலை அறிவதற்கும் திருக்கணிதத்தையே நாடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.