கொட்டேஷனில் வெறும் ‘3060’ என்று எழுதியிருந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்

கேமிங் கம்ப்யூட்டரை அப்கிரேட் செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘ஆர்டிஎக்ஸ் 3060, 650 வாட்ஸ் பவர் சப்ளை, இன்டெல் போர்டு’ என்று மொட்டையாக ஒரு கொட்டேஷன் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். (3060 என்பது கேமின் காட்சிகளை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டு; போர்டு என்பது எல்லா பாகங்களும் மாட்டப்படும் மதர்போர்டு.) ஒரு கடைக்காரர் எனக்கு வேலையைக் காட்டியது அந்த மொட்டைப் பெயர்களை வைத்துத்தான்.

நான் கேட்டதில் குழப்பமே இல்லை. நாலைந்து வருஷம் தாங்க வேண்டும், கார்டில் 12 ஜிபி மெமரி வேண்டும், பின்னால் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பினேன். ‘எல்லாம் ஃப்யூச்சர் ப்ரூஃப் சார், கவலைய விடுங்க’ என்று பதில் வந்தது.

வந்து சேர்ந்த பெட்டி பார்க்க ஜோர். கலர் விளக்குக்குக் குறைவே இல்லை. ஆனால் புது கேம் ஒன்றில் டெக்ஸ்சரை (காட்சிகளின் மேற்பரப்பு நுணுக்கத்தை) கூட்டியதுமே திக்கித் திணறியது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். மெமரி 8192 எம்பி (அதாவது 8 ஜிபி), பஸ் விட்த் (மெமரிக்குப் போய்வரும் பாதையின் அகலம்) 128 பிட் என்று காட்டியது.

விஷயம் இதுதான். 2021-ல் வந்த 3060-ல் 12 ஜிபி மெமரி, 192 பிட் பஸ். 2022 கடைசியில் அதே பெயரில் 8 ஜிபி, 128 பிட் கார்டு ஒன்றும் வந்தது. கணக்குப் போடும் கோர்கள் இரண்டிலும் 3584தான். ஆனால் மெமரி வேகம் முதலாவதில் நொடிக்கு 360 ஜிபி, இரண்டாவதில் 240. மூன்றில் ஒரு பங்கு காலி. கார்டு டப்பாவைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ‘வாரண்டிக்கு நாங்களே வச்சிருக்கோம் சார்’ என்று அதைத் தரவே இல்லை.

போன் செய்தால், ‘பில்லுல 3060 தானே இருக்கு? அதத்தானே குடுத்திருக்கோம்’ என்கிறார். வாட்ஸ்அப் மெசேஜைக் காட்டினால், அது ‘பேச்சுவார்த்தை’யாம்.

அப்புறம் மற்றதையும் திறந்து பார்த்தேன். போர்டின் சிப்செட் ஹெச்510, ப்ராசஸர் இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை ஐ5. ப்ராசஸர் உட்காரும் அந்த எல்ஜிஏ 1200 சாக்கெட்டில் 10, 11-ஆம் தலைமுறைகளோடு கதை முடிந்தது; 2021 நவம்பரில் வந்த 12-ஆம் தலைமுறையே எல்ஜிஏ 1700-க்குப் போய்விட்டது. பின்னால் ப்ராசஸரை மாற்ற நினைத்தால் அதே பழைய தலைமுறை ஐ7, ஐ9 தான். இந்த மலிவு போர்டில் ப்ராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம்முக்கு, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் கூட இல்லை, ஐ9-ஐ எங்கே தாங்கப் போகிறது? ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் 2017-ல் வாங்கிய போர்டுகள் பலவற்றில் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்து 2022-ன் 5800எக்ஸ்3டி ப்ராசஸரைப் போட முடிந்தது. நாலைந்து வருஷம் தாங்குவது என்று நான் சொன்னது அதைத்தான்.

ராமை 16 ஜிபி ஒற்றைக் குச்சியாகப் போட்டிருந்தார்கள். சரி, அதை மன்னிக்கலாம். இன்னொன்று வாங்கிப் போட்டு, இரண்டும் சேர்ந்து வேகமாக ஓடும் டூயல் சேனல் ஆக்கிக்கொண்டேன்.

மன்னிக்க முடியாதது பவர் சப்ளை. மேலே பெரிதாக 650. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் லைனுக்கு 32 ஆம்பியர். பெருக்கினால் 384 வாட்ஸ். கார்டும் ப்ராசஸரும் உறிஞ்சுவது பெரும்பாலும் அந்த லைனில்தான். இப்போதைக்கு ஓடும், ஆனால் இதைவிடப் பெரிய கார்டு போட முடியாது.

அதனால் கொட்டேஷனிலேயே கார்டின் முழு மாடல் பெயரும் மெமரியும், போர்டின் சிப்செட்டும் சாக்கெட்டும், பவர் சப்ளையின் கம்பெனியும் மாடலும் எழுதி வாங்குங்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும். டப்பாக்களை விட்டுவிட்டு வராதீர்கள். எழுத யோசிக்கிறார்கள் என்றால் வேறு கடை பாருங்கள்.

கார்டை மாற்றித் தரச் சொன்னதற்கு ‘யூஸ் பண்ண பொருள்’ என்று பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கொடுக்கவில்லை. பவர் சப்ளையை மட்டும் வேறு இடத்தில் நல்லதாக வாங்கி மாட்டியிருக்கிறேன். போர்டை எப்படியும் தூக்கத்தான் வேண்டும், அப்போது இந்தப் பவர் சப்ளை புது போர்டுக்கும் ஆகும்.